தெர்மாமீட்டர் அவன் கையில் இருக்கட்டும்

லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்தான் என்று மஜ்ஜைப் பரிசோதனையில் தெரிந்த நாளுக்கும் முதல் கீமோ ஏறும் நாளுக்கும் நடுவே பல சமயம் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். வீட்டில் பாதிப்பேர் அழுதுகொண்டும் மீதிப்பேர் போனில் சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டும் இருப்பார்கள். அந்த இரண்டு நாளில் விட்டுப்போனால் பிறகு சரிசெய்யவே முடியாத வேலை ஒன்று உண்டு. விந்து சேமிப்பு.

பல வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. இருபது வயதுப் பையனிடம் அம்மா கேட்கக் கூசுவார், அப்பா தொண்டையைச் செருமுவார், டாக்டர் வேறு அவசரத்தில் இருப்பார். கீமோ மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடு போன்றவையும், மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் அதிக அளவு மருந்துகளும், முழு உடல் கதிர்வீச்சும் விந்து உற்பத்தியை நிரந்தரமாகவே நிறுத்திவிடக்கூடும். மாதிரியை முதல் மருந்து ஏறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஏறிய பிறகு எடுத்தால் விந்தணுவின் மரபணுவில் சேதம் இருக்க வாய்ப்புண்டு. வழக்கமாக இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மாதிரி கேட்பார்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இருக்கிற ஒரு நாளில் எடுக்கும் ஒரு மாதிரியும் உதவும். நோயாலும் காய்ச்சலாலும் எண்ணிக்கை குறைவாக இருந்தால்கூட விட்டுவிட வேண்டாம். கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் முறை இருக்கிறது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.

டாக்டரிடம் விஷயத்தை எடுத்துவிட வேண்டியது குடும்பம். பேச வேண்டியது அவனும் டாக்டரும் மட்டும். "நாங்க வெளியில இருக்கோம், நீ பேசிட்டு வா" என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். சேமித்ததை எந்த நிலையில் யார் பயன்படுத்தலாம் என்று படிவத்திலேயே கேட்டிருப்பார்கள். அதை அவனே நிரப்பட்டும், கையெழுத்தும் அவனே போடட்டும்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிறு குழந்தைக்கு லுக்கீமியா வந்தால் முடிவெல்லாம் பெற்றோர் கையில். அறுபது வயதுக்காரருக்கு வந்தால் அவர் கையில். பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கும் பையன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். வெளியே அவன் பெரிய மனிதன். வீட்டுக்குள் போர்வை இழுத்துவிட வேண்டிய பிள்ளை. குடும்பம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கணிப்பு.

அடுத்து, எந்த லுக்கீமியா என்பதைச் சரியாகக் கேட்டு எழுதி வையுங்கள். ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா) என்றால் மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டு ஓடும். முதல் எட்டு பத்து மாதம் கடுமையானது, மீதி வீட்டிலிருந்தபடி மாத்திரை. ஏ.எம்.எல். (அக்யூட் மைலாய்டு லுக்கீமியா) என்றால் சில மாதங்களில் முடியும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும், வாரக்கணக்கில் வார்டிலேயே இருக்க நேரும். அதிலேயே ஏ.பி.எல். (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா) என்றொரு உட்பிரிவு உண்டு. முதல் சில நாட்களில் ரத்தக்கசிவுதான் அதன் பெரிய ஆபத்து. அதைத் தாண்டிவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும். சி.எம்.எல். (மெதுவாக வளரும் குரோனிக் மைலாய்டு லுக்கீமியா) முற்றிலும் வேறு கதை. 2001-இல் இமாடினிப் என்ற மாத்திரை புழக்கத்துக்கு வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு தினமும் மாத்திரைதான் சிகிச்சை. "எனக்குத் தெரிஞ்சவருக்கு மாத்திரையிலயே சரியாயிடுச்சு, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஊசி?" என்று யாராவது கேட்டால், அவர் சொல்வது அனேகமாக சி.எம்.எல். பற்றித்தான்.

ஏ.எல்.எல். என்றால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, பிலடெல்பியா குரோமோசோம் (புற்று அணுக்களில் காணும் ஒரு மரபணு மாற்றம்) இருக்கிறதா? இருந்தால் கீமோவோடு அதற்கான மாத்திரையும் சேரும், திட்டமே மாறும். இரண்டு, குழந்தைகளுக்கான திட்டத்தை ஒட்டிய சிகிச்சையா, பெரியவர்களுக்கான பழைய திட்டமா? இளம் வயதினருக்கு முன்னதில் பலன் கூடுதல் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். டாக்டர் வேறு முடிவு எடுத்திருந்தால் காரணம் இருக்கும், ஆனால் அந்தக் காரணம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் குடும்பத்துக்கு வரும் வேலை சிறுநீரை அளப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். புற்று அணுக்கள் கூட்டமாகச் சாகும்போது அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைபடலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால்தான் சலைன் ஓடிக்கொண்டே இருக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்க அலோபியூரினால் மாத்திரை கொடுப்பார்கள், நாளுக்கு இரண்டு மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அளவுக் குடுவையில் பிடித்து, நேரமும் மில்லிலிட்டரும் எழுதிய பிறகே கொட்ட வேண்டும். "ஒரு தடவை மறந்துட்டேன், சும்மா 200-னு போட்டேன்" என்பது இங்கே வேண்டாம். மறந்திருந்தால் மறந்ததாகவே எழுதுங்கள். டானோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறிய பிறகு சிறுநீர் சிவப்பாக வந்தால் அது மருந்தின் நிறம். மூன்றாம் நாளும் சிவப்பாகவே இருந்தால் நர்ஸிடம் காட்டுங்கள்.

இனி கவுண்ட். வார்டில் எல்லோரும் சொல்லும் அந்தக் கவுண்ட் பெரும்பாலும் ஏ.என்.சி., அதாவது கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில்களின் எண்ணிக்கை. ரிப்போர்ட்டில் தனியாகப் போடவில்லை என்றால் நீங்களே கணக்கிடலாம். மொத்த வெள்ளை அணு 1,200, நியூட்ரோபில் 30 சதவீதம், பேண்ட் (முழுதாக முதிராத நியூட்ரோபில்) 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200-ஐ 35-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 420. சில லேப்களில் இதையே 0.42 என்று போடுவார்கள், பயந்துவிட வேண்டாம், ஆயிரத்தால் பெருக்கினால் அதே எண்தான். 500-க்குக் கீழே போனால் தொற்று அபாயம் கடுமை. பொதுவாக மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை அடிமட்டம். முதல் சுற்றில், மஜ்ஜையே நோயால் நிரம்பியிருப்பதால், மூன்று நான்கு வாரம்கூட இழுக்கும்.

அந்த நாட்களில் 38.3 டிகிரி செல்சியஸ் ஒரே ஒரு முறை காட்டினாலும், 38.0 ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது காய்ச்சல். பாரன்ஹீட்டில் 101, 100.4. உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் எண்.

சாதாரணக் காய்ச்சலைப் போல இதைப் பார்க்க முடியாது. நியூட்ரோபில் இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, புண் சிவக்காது, நிமோனியா இருந்தாலும் சளி வராது. தொற்றின் அடையாளங்களை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தான். மிஞ்சுவது காய்ச்சல் ஒன்றுதான். கிருமி பல சமயம் வெளியிலிருந்து வருவதுமில்லை. கீமோவால் புண்ணான குடலிலிருந்தும் வாயிலிருந்தும் அவனுடைய சொந்தக் கிருமிகளே ரத்தத்துக்குள் நழுவும். காலையில் லேசாகச் சுட்ட உடம்பு மாலைக்குள் ரத்த அழுத்தம் சரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது இப்படித்தான். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும்.

ஆகவே வழி இதுதான். எண் தாண்டியது என்றால் பாரசிட்டமால் கொடுக்காமல் முதலில் போன் செய்யுங்கள். மாத்திரை கொடுத்து வெப்பம் இறங்கிவிட்டால், இருந்த ஒரே அறிகுறியும் போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "லுக்கீமியா, கீமோ நடக்குது, கடைசி மருந்து இந்தத் தேதி, கவுண்ட் 300, காய்ச்சல் 38.4." இதை ஓர் அட்டையில் எழுதி அவன் பர்ஸிலும் உங்கள் பையிலும் வைத்தால், பதற்றத்தில் நாக்கு குழறினாலும் அட்டையை நீட்டிவிடலாம். லைனிலிருந்தும் (மருந்து ஏற்றப் பெரிய நரம்புக்குள் போட்டுவைத்திருக்கும் குழாய்) கை நரம்பிலிருந்தும் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள்.

ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கலாம். உடம்பு சுடவில்லை, ஆனால் குளிர் நடுக்கம், சோர்ந்து சுருண்டு கிடப்பது, வயிற்றுவலி, பேச்சில் குழப்பம் என்றால் எண்ணைப் பார்க்காமல் கிளம்புங்கள். லைனை ஃபிளஷ் செய்த (உப்புநீர் செலுத்திக் கழுவிய) அரைமணி, ஒரு மணியில் நடுக்கம் வந்தால் தொற்று அந்தக் குழாயிலேயே இருக்கலாம். ஃபிளஷ் செய்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெப்பத்தை வாயிலோ அக்குளிலோ பாருங்கள், ஆசனவாயில் தெர்மாமீட்டரும் வேண்டாம், அங்கே வைக்கும் மருந்தும் எனிமாவும் வேண்டாம். சிறு கீறல் போதும், கிருமி உள்ளே போக. சூடாகவோ குளிராகவோ எதையாவது குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அக்குளில் அரை டிகிரிவரை குறைவாகக் காட்டும்.

எல்லாம் தெரிந்த வீட்டிலும் தாமதம் எங்கே நடக்கிறது? பையன் சொல்வதில்லை. காய்ச்சல் என்றால் மறுபடி ஐந்து நாள், ஏழு நாள் வார்டு என்று அவனுக்குத் தெரியும். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருப்பான், நண்பன் வருவதாகச் சொல்லியிருப்பான். அம்மா மணிக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அவன் கையைத் தட்டிவிடுவான். கண்காணிப்பு கூடக் கூட மறைப்பதும் கூடும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: தெர்மாமீட்டரை அவனிடம் கொடுத்துவிடுங்கள். காலை, மாலை, உடம்பு சரியில்லை என்று தோன்றும்போது அவனே பார்த்து அவனே நோட்டில் எழுதட்டும். நீங்கள் நோட்டை மட்டும் பாருங்கள். எண் தாண்டினால் போன் செய்பவனும் அவனே. அவன் தூங்கும்போதும் மயக்கத்திலும் உங்கள் முறை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எப்படியும் அளவு இல்லை.

லைன் விஷயமும் ஏறத்தாழ அப்படியே. கையில் போட்ட பிக் லைன் என்றால் வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி ஃபிளஷ் செய்வார்கள். நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ வாரத்துக்குக் காத்திராமல் அன்றே மாற்ற வேண்டும். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு அந்தக் கையை வெளியே நீட்டிக்கொள்ளலாம். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவிடக் கூடாது. பார்க்க வருபவர் புதியவராக இருந்தால் அவருக்குத் தெரியாது, அவனே சொல்ல வேண்டும். கை வீங்கினால், தோளோ கழுத்தோ வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அஸ்பாராஜினேஸ் ஓடும் காலத்தில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. அதே மருந்தால் கணையமும் வீங்கலாம், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அதன் அடையாளம். விடாத தலைவலியும் அலட்சியப்படுத்தக் கூடாதது.

தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 10,000-க்குக் கீழே போனால் ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவார்கள். அதைக் கொடுக்க ஆள் தேடுவது குடும்பத்தின் தலையில் விழுந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பணுவைக் குளிரில் வைத்து ஆறு வாரம்வரை காக்கலாம். தட்டணு 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில், ஐந்து நாள் தாங்கும், சில இடங்களில் ஏழு. கல்லூரி நண்பர்கள் இருபது பேர் ஒரே நாளில் உணர்ச்சிவசப்பட்டு வந்து நின்றால் பாதி வீணாகும். ரத்த வகையோடு பெயர்ப்பட்டியல் போட்டு, நாளுக்கு ஒருவர் இருவர் என்று பிரித்து, அடுத்த மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை அவன் நண்பன் ஒருவனிடமே விட்டுவிடலாம், பெற்றோரைவிடச் சுறுசுறுப்பாகச் செய்வான்.

அப்பாவும் அண்ணனும் "என் ரத்தத்தை எடுங்க" என்று முன்வருவார்கள். மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்ற நிலையில் நெருங்கிய ரத்த உறவினர்களிடமிருந்து வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய திசு அடையாளங்களுக்கு எதிராக அவன் உடம்பு முன்கூட்டியே எதிர்ப்பை வளர்த்துக்கொண்டால், பிறகு அவர்களே கொடையாளி ஆகும்போது மஜ்ஜை ஒட்டாமல் போகலாம். ஏற்றும் ரத்தம் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதா என்பதையும் கேளுங்கள்.

தட்டணு குறைந்திருக்கும் நாட்களில் ஆஸ்பிரினும் ஐபுப்ரூஃபெனும் தொடக் கூடாது. மென்மையான பிரஷ், மின்சார ஷேவர். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் விட்டுப் பார்ப்பதால்தான் நிற்பதில்லை.

மருந்துகளின் குணங்களில் சிலவற்றை வீட்டில் இருப்பவரால்தான் முதலில் பிடிக்க முடியும். வின்கிறிஸ்டின் நரம்பைத் தாக்கும். தாடை வலி, மலச்சிக்கல், பாதம் தொங்குவது. மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள், அடைத்த பிறகு எனிமா கொடுக்க முடியாது என்று மேலே பார்த்தோம். குதிகாலில் நான்கடி நடந்து காட்டச் சொல்லுங்கள். முன்பாதம் தரையில் விழுந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். வோரிகோனசோல், பொசகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் வின்கிறிஸ்டினின் நச்சைப் பல மடங்காக்கும். வேறு டாக்டர் எழுதிய எந்தச் சீட்டையும் லுக்கீமியா டாக்டர் பார்க்காமல் தொடங்க வேண்டாம் என்பது இதனால்தான். மூலிகைப் பொடிகளுக்கும் இதே விதி.

ஏ.எம்.எல்.லில் அதிக அளவு சைட்டரபின் கொடுக்கும்போது ஒவ்வொரு டோஸுக்கும் முன் நர்ஸ் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார். ஒப்புதல் கையெழுத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மருந்து சிறுமூளையைப் பாதிக்கலாம். முதலில் தடுமாறுவது விரல். ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்துகள் வரிசையாக நிற்கும். முதல் மூன்றிலும் கடைசிச் சுழி ஒரே மாதிரி வளைந்திருக்கும். நான்காவதில் சுழி கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால், எழுத்துகள் பெருத்துக் கலைந்திருந்தால், அடுத்த பாட்டிலைத் தொங்கவிடும் முன் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். இதே மருந்துக்குக் கண் சொட்டும் உண்டு. மருந்து நின்று இரண்டு மூன்று நாள்வரை, இரவிலும் எழுப்பிப் போட வேண்டும். தவறினால் கண்ணில் மணல் கொட்டியதுபோல உறுத்தும்.

ஸ்டீராய்டு பற்றி யாரும் முழுசாக எச்சரிப்பதில்லை. நள்ளிரவில் பசி, தூக்கமின்மை, ஒன்றுமில்லாததற்குக் கத்தல், அரை மணியில் அழுகை. சர்க்கரையும் ஏறும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள், இரண்டாவது வேளையைப் பிற்பகலிலேயே முடிக்கலாமா என்று கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் மிஞ்சும். காலண்டரில் ஸ்டீராய்டு நாட்களை வட்டமிட்டு, அந்த நாட்களில் படிப்பு, பணம், எதிர்காலம் எதையும் பேச உட்காராதீர்கள். அவன் சொன்ன வார்த்தைகளையும் கணக்கில் வைக்காதீர்கள். ஆனால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: மாதங்கள் கழித்து இடுப்பிலோ முழங்காலிலோ வலி, லேசான நொண்டல். பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது நைந்துபோவது உண்டு. சீக்கிரம் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, நாளுக்கு நான்கிலிருந்து ஆறு முறை. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம். சாப்பாட்டில் பெரிய பத்தியம் தேவையில்லை. நன்றாக வெந்தது, அப்போது சமைத்தது, வேகாத முட்டையும் இறைச்சியும் காய்ச்சாத பாலும் கிடையாது, அவ்வளவுதான். கீமோ முடிந்த 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர் எதைத் தொட்டாலும் கையுறை, கழிப்பறையை மூடி போட்டு இரண்டு முறை ஃபிளஷ். வீட்டில் இருப்பவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அம்மை வந்த யாரோடாவது அவன் இருந்திருந்தால் கொப்புளம் வரட்டும் என்று பார்க்காமல் அன்றே சொல்லுங்கள், தடுக்கும் மருந்துக்குக் கெடு உண்டு.

மஜ்ஜை மாற்று என்று பேச்சு வந்தால் உடன்பிறந்தவர் பக்கம் எல்லோர் கண்ணும் திரும்பும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு பேர் இருந்தால் 44 சதவீதம். பொருந்தவில்லை என்றால் அது யார் குற்றமும் இல்லை, ஆனால் தங்கை அதைக் குற்றமாகவே சுமப்பாள். பரிசோதனைக்குப் போகும் முன்னாலேயே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் பாதி பொருந்துவார்கள், இப்போது பாதிப் பொருத்தத்திலும் மாற்று செய்கிறார்கள். கொடுக்கப் போகிறவரை வேறொரு டாக்டர் தனியாகப் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும், குடும்பம் சூழ நின்று கேட்கக் கூடாது. மாற்றுக்கான தயாரிப்பு மருந்து தொடங்கிய பிறகு கொடையாளி பின்வாங்கினால் பையனுக்கு மஜ்ஜையே இருக்காது என்பதால், தயக்கம் இருந்தால் அதற்கு முன்பே வெளிவந்தாக வேண்டும்.

ஏ.எல்.எல். பையன்களின் குடும்பங்கள் உண்மையில் தடுமாறுவது மாத்திரைக் காலத்தில்தான் என்று தோன்றுகிறது. முடி வளர்ந்துவிட்டது, வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறான், ரிப்போர்ட்டில் நோய் இல்லை. இரவு ஒன்பது மணிக்குப் போடும் மெர்காப்டோப்யூரின் என்ற கீமோ மாத்திரைதான் தினமும் மிச்சம். அதை அடிக்கடி தவறவிடுகிறவர்களுக்கு நோய் திரும்புவது கூடுகிறது. கணக்கும் லேசானதில்லை. 50 மில்லிகிராம் மாத்திரையில் வாரத்துக்கு 18 என்று டாக்டர் எழுதினால், மூன்று நாள் இரண்டிரண்டு, நான்கு நாள் மும்மூன்று. கவுண்ட்டைப் பார்த்து இதுவும் மாதாமாதம் மாறும். ஏழு அறை மாத்திரைப் பெட்டியை ஞாயிறு மாலை அவனே நிரப்பட்டும், அறை காலியா என்று நீங்கள் ஒரு பார்வை பாருங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

இதோடு சேரும் இன்னொரு கீமோ மாத்திரையான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். 2.5 மில்லிகிராம் மாத்திரை என்றால் அந்த ஒரு நாளில் பதினான்கு போட வேண்டிவரலாம். பதினான்கு மாத்திரை, ஏழு நாள்: புதிதாகப் பார்ப்பவருக்கு தினம் இரண்டு என்றுதான் தோன்றும். ஊரிலிருந்து வந்த பெரியம்மா அன்போடு அப்படி எடுத்துக் கொடுத்தால் மஜ்ஜையும் வாயும் குடலும் வெந்துபோகும், உயிரே போயிருக்கிறது. அந்த டப்பாவின்மேல் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். இன்னொன்று, முதல் வாரத்து அலோபியூரினால் அட்டை வீட்டில் எங்காவது கிடக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள். மெர்காப்டோப்யூரின் உடம்பை விட்டுப் போகும் வழியை அது அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்தால் டாக்டர்களே அளவை நான்கில் ஒன்றாகக் குறைப்பார்கள். டோஸ் மாறாமலே கவுண்ட் திடீரென்று சரிந்தால் முதலில் மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஏ.எல்.எல். திரும்ப வந்து ஒளிந்துகொள்ளும் இடங்களில் விதைப்பையும் ஒன்று. வலியில்லாத வீக்கம், ஒரு பக்கம் கெட்டியாக இருப்பது. அம்மாவிடம் எந்தப் பையனும் இதைச் சொல்ல மாட்டான், டாக்டரும் ஒவ்வொரு முறையும் அம்மா எதிரில் கேட்க மாட்டார். மாதம் ஒருமுறை குளிக்கும்போது அவனே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், மதுவும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்தால் கல்லீரல் என்ன ஆகும் என்பதும், சிகிச்சை முடியும்வரை ஆணுறை ஏன் என்பதும் அந்தக் கதவுக்கு உள்ளே நடக்க வேண்டிய பேச்சு. ஒவ்வொரு செக்கப்பிலும் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள்.

கடைசி மாத்திரை முடிந்ததும் சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்த மருந்து மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா என்பது அதில் இருக்க வேண்டும். முக்கியமாக டானோரூபிசின், டாக்சோரூபிசின் மொத்த அளவு. பத்து இருபது வருடம் கழித்து இதயத்தை எக்கோ பார்க்கும் டாக்டருக்கு அந்த எண் வேண்டும். அசல் அவனிடம், நகல் உங்களிடம். தடுப்பூசிகளில் எவற்றை மறுபடி போட வேண்டும் என்றும் கேட்கட்டும். விந்து உற்பத்தி திரும்பியதா என்று பரிசோதிக்க அவசரம் வேண்டாம், மீள்வதற்குச் சில வருடம்கூட ஆகும். அதுவரை சேமிப்பு அப்படியே இருக்க வேண்டும். புதுப்பிப்புக் கடிதம் முதல் நாள் படிவத்தில் எழுதிய முகவரிக்குத்தான் வரும். வீடு மாறியிருந்தால், போன் எண் மாறியிருந்தால், அங்கே சொல்லி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.